தாய் என்ற கட்டத்தில் என் பெயர்

முப்பது வருடத்துக்கு மேல் தபால் கந்தோரில் இருந்தவள் நான். ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு சின்ன உபதபால் கந்தோர். சனம் கடிதம் போட வந்ததைவிடப் படிவம் நிரப்ப வந்ததுதான் கூட. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வாக்காளர் இடாப்பு, பாடசாலை அனுமதி எல்லாவற்றுக்கும் என் கவுண்டருக்குத்தான் வருவார்கள். எழுதியும் கொடுப்பேன், ஏச்சும் கொடுப்பேன். பிறந்த திகதியைக் கேட்டால் "மாதா திருநாளுக்கு முதல் கிழமை" என்று சொல்லுகிறவர்களோடு எத்தனை வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

ஒருமுறை கரம்பொனில் இருந்து ஒருவர் வாக்காளர் படிவத்தோடு வந்தார். வீட்டில் இருக்கிறவர்களின் பெயரும் உறவும் எழுத வேண்டும்.

"மகன் எண்டு எழுதும் பிள்ளை."

"உங்களுக்கு எங்கால மகன்?"

"தம்பியின்ர பெடியன். சின்னனில இருந்து என்னோடதான். என்ர பெறாமகன்."

"அப்ப பெறாமகன் எண்டு எழுதுறன். மகன் எண்டு எழுதேலாது."

"எனக்கு அவன் மகன்தானே."

"உங்களுக்கு மகன்தான் அண்ணை. படிவத்துக்கு இல்லை."

இந்தப் பதிலில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிறகும் இரண்டு மூன்று பேருக்கு அதையே சொல்லியிருக்கிறேன். வெளியூர் ஆட்களுக்கு அந்தச் சொல் விளங்காமல் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு அவள் அக்கா தங்கையின் பிள்ளை பெறாமகள் அல்லது பெறாமகன். ஓர் ஆணுக்கு அவன் அண்ணன் தம்பியின் பிள்ளை. பெறவில்லை, ஆனால் பிள்ளை. இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வேறு சொல் இருப்பதாக எனக்குத் தெரியாது.

அப்படி ஊருக்கெல்லாம் உறவுமுறை திருத்திய நான், என் சொந்தப் படிவத்தில் பிழை விட்டேன். அந்தப் பிழையால் என் பிள்ளை செத்தாள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. இதைத் தெரிந்துகொண்டே மிச்சத்தை வாசியுங்கள்.

அவள் என் தங்கச்சியின் பிள்ளை. நாங்கள் அல்லைப்பிட்டியில் கடல் தொழில் செய்த குடும்பம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான், ஒரு தம்பி, கடைசியாகத் தங்கச்சி என்று மூன்று பேர் மிஞ்சினோம். தம்பி சின்ன வயதிலேயே பிரான்சுக்குப் போய்விட்டான். தங்கச்சி கலியாணம் செய்து ஊரிலேயே இருந்தாள். நான் கலியாணம் செய்யவில்லை. அதற்கு ஒரு கதையும் இல்லை, கேட்டு வந்தவர்களை எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

தங்கச்சி ஆம்பிளையளுக்குச் சமனாக நீந்துவாள். ஒரு நாள் காலை, கட்டு அவிழ்ந்து போன வள்ளம் ஒன்றைப் பிடிக்க அவளே நீந்திப் போனாள். பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பியும் வந்துவிட்டாள். இடுப்பளவு தண்ணீருக்கு வந்து, நிமிர்ந்து நின்று, கரையில் நின்றவர்களுக்குக் கையைக் காட்டிவிட்டு விழுந்தாள். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிப்போய்த் தூக்கினார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், "தண்ணி ஒண்டும் குடிக்கேல்லை பிள்ளை, வாயால ஒரு சொட்டும் வரேல்லை" என்று சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. சொன்னவரும் யோசிக்கவில்லை, கேட்ட நானும் யோசிக்கவில்லை. மரணச் சான்றிதழில் நீரில் மூழ்கியதால் என்று எழுதினார்கள். கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊர் சொன்னது.

பிள்ளைக்கு அப்போது இரண்டரை வயது. தகப்பன் ஒரு வருடத்துக்குள் மன்னார்ப் பக்கம் வேறு கலியாணம் செய்துகொண்டு போய்விட்டார். நான் அவரை ஏசவில்லை. பிள்ளையைக் கேட்காமல் போனாரே என்று உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன் என்பதுதான் உண்மை.

முதலில் அவள் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டாள். அல்லைப்பிட்டியில் ஆட்களைச் சுட்ட பிறகு சனம் எழும்பி ஓடியதே, அந்த நாளில் அவளைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு நானும் வெளிக்கிட்டேன். வழியில் மறித்த ஆமிக்காரன் அரைகுறைத் தமிழில் "யார் பிள்ளை?" என்று கேட்டான். நான் வாய் திறக்க முதல் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள். அவன் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். அன்றிலிருந்து நான் அம்மாதான். பெற்றவள் யாரென்று அவளுக்குத் தெரியும், படம் சுவரில் இருந்தது, கார்த்திகையில் கல்லறைக்கும் போவோம். ஆனால் கூப்பிடுகிற சொல் மாறவில்லை, நான் மாற்றச் சொல்லவும் இல்லை.

கரம்பொனில் ஒரு வீட்டில் இருந்தோம். கடலில் இறங்க மட்டும் அவளை நான் விட்டதில்லை. நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊரில் நீந்தத் தெரியாமல் வளர்ந்தாள். கூடப் படித்தவர்கள் பகிடி பண்ணுவார்கள். "அம்மாவுக்குக் கடலோட கோவம், அதால நானும் கதைக்கிறேல்லை" என்று சிரித்துச் சமாளித்துவிடுவாள்.

கல்வியியற் கல்லூரி முடித்து நயினாதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கப் போனாள். விடியவே பஸ் ஏறிக் குறிகாட்டுவான் போய், அங்கிருந்து வள்ளத்தில் அக்கரைக்கு. இரண்டாம் வருடம் ஒரு நாள் பஸ் பிந்திவிட்டது. வள்ளம் வெளிக்கிடப் போகிறதென்று இறங்குதுறைப் பாலத்தில் ஓடியவள் பாதியில் விழுந்து, அரை நிமிடம் கழித்துத் தானாகவே எழும்பியிருக்கிறாள். நயினை அம்மனிடம் போகிற சனம் சுற்றி நின்று விசிறிவிட்டு, தண்ணீர் தெளித்து, சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று தீர்ப்பும் சொல்லி, வாழைப்பழம் ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறது. அவள் அதைப் பின்னேரம் எனக்கு நடித்துக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கிழமையே பட்டணத்தில் ஓர் இருதயக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஓர் இளம் டொக்டர், மலைநாட்டுப் பிள்ளை, முகத்தைப் பார்த்துக் கதைக்கிறவள். நெஞ்சில் வயர் பூட்டி எடுத்த படத்தைப் பார்த்து, ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகிற நேரம் கொஞ்சம் நீளமாக இருக்கிறதென்றும், எல்லைக்கோட்டில் நிற்கிறதென்றும் சொன்னாள். துடிப்பை அடக்கி வைக்கிற குளிசை ஒன்று தந்தாள். இது பரம்பரையாகவும் வரலாம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து ஓர் ஆய்வு நடக்கிறது, விருப்பமென்றால் இரத்தம் அனுப்பிப் பார்க்கலாம், தாய் தகப்பனின் இரத்தமும் வேண்டும் என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க அம்மாதானே?"

"ஓம்," என்றேன்.

எத்தனை ஆயிரம் தரம் சொன்ன ஓம் அது. பள்ளிக்கூடத்தில், கோயிலில், தடுப்பூசி போடுகிற இடத்தில். பிள்ளை என் பக்கத்தில்தான் இருந்தாள். அவளுக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. படிவத்தை வாங்கித் தாய் என்ற கட்டத்தில் வடிவாக என் பெயரை எழுதினேன். தகப்பன் என்ற கட்டத்தில் தொடர்பில்லை என்று எழுதினேன்.

"வீட்டுல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா? மயங்கி விழுந்து, நெஞ்சு அடைச்சு?"

"இல்லை," என்றேன்.

இதையும் நான் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை. கடலோரத்து வீடுகளில் கடலில் போனவர்களை நோய் வருத்தத்தில் செத்தவர்களோடு சேர்க்கிற வழக்கம் இல்லை. ஆன்மாக்களுக்கான பூசையில்கூட அவர்களுக்குத் தனி மன்றாட்டுத்தான். காய்ச்சலில் போனவர், ஷெல்லில் போனவர், கடலில் போனவர் என்று எங்களுக்கு மூன்று சாவு. டொக்டர் கேட்டது முதலாவதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுமொழி வர மாதக்கணக்காயிற்று. அதற்குள் அந்தக் குளிசை பிள்ளையைப் பாடாய்ப் படுத்திவிட்டது. எப்போதும் அசதி, தலைச்சுற்று, வகுப்பில் நின்று பாட ஏலாது. "ஆறு வயசுப் பிள்ளையளுக்கு இருந்துகொண்டு டான்ஸ் சொல்லிக் குடுக்கிற ரீச்சரைக் கண்டிருக்கிறியளோ அம்மா?" என்று கேட்பாள்.

பிறகு டொக்டர் எங்களைக் கூப்பிட்டுப் பேப்பரை விரித்தாள். பிள்ளையின் இரத்தத்தில் ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதே மாற்றம் என் இரத்தத்திலும் இருக்கிறது. இந்த மாற்றம் நல்லதோ கெட்டதோ என்று பார்க்க உலகம் முழுக்க ஆட்களின் இரத்தத்தைச் சேர்த்து வைத்திருக்கிற பதிவு இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்தான், எங்களைப் போன்றவர்கள் மிகக் குறைவு, அங்கே தேடினால் இந்த மாற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல ஏலாது என்றாள். ஒப்பிட்டுப் பார்க்க இருக்கிற ஒரே ஆள் நான். எனக்கு வயது அறுபதை நெருங்குகிறது, ஒரு நாளும் மயங்கி விழுந்ததில்லை, இதயப் படமும் சுத்தம். ஆகையால் இந்த மாற்றம் தீங்கில்லாததாக இருக்கவே கூடிய சாத்தியம். குளிசையை மெல்ல மெல்லக் குறைத்து நிற்பாட்டிப் பார்க்கலாம்.

பிள்ளை அந்தப் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியில் வந்து பஸ்சுக்கு நிற்கும்போது என் கையைக் கோத்துக்கொண்டு சொன்னாள்.

"பார்த்தியளோ, உங்களுக்கும் எனக்கும் ஒரே எழுத்து. இனி ஆரும் கேட்டால் இரத்தத்திலயே எழுதியிருக்கு எண்டு சொல்லுவன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடம் வளர்த்தவளுக்கு இதைவிட வேறு என்ன பத்திரம் வேண்டும். படித்த இரண்டு பேர் நின்றோம் அந்த பஸ் தரிப்பில். அம்மா என்று அந்தப் பேப்பரில் எழுதியிருந்தது யாரை என்று ஒருத்திக்கும் மண்டையில் ஏறவில்லை. ஏற விருப்பமில்லாமல் இருந்ததோ என்றும் பிறகு யோசித்திருக்கிறேன். என் சந்தோசத்தை நான் மன்னிக்கவில்லை.

குளிசையை நிற்பாட்டிய பிறகு பிள்ளை பழையபடி ஆனாள். பாட்டு, ஓட்டம், பகிடி எல்லாம் திரும்பி வந்தது. ஒரு ஞாயிறு, பூசை முடிய, அவளோடு படிப்பிக்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளோடு சாட்டிக் கடற்கரைக்குப் போகப் புறப்பட்டார்கள். என்னையும் வரச் சொன்னாள். வேலணையால் போகும்போது வாகனத்தில் என் காதுக்குள் கேட்டாள்.

"இப்ப இறங்கலாம்தானே அம்மா? ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டினம்தானே. இடுப்புக்கு மேல போகமாட்டன்."

நான் ஓம் என்றேன். இரண்டாவது ஓம்.

சவுக்கு நிழலில் பாய் போட்டு, கொண்டுபோன புட்டுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவள் உடுப்போடேயே இறங்கி, பிள்ளைகளைத் துரத்தித் துரத்தித் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சிரிப்புச் சத்தம் எனக்கு வடிவாகக் கேட்டது. கயிறு இறுகியிருந்ததால் குனிந்து பல்லால் கடித்தேன். நிமிர்ந்தபோது பிள்ளைகள் மட்டும் நின்றார்கள். ரீச்சர் ஒளித்துப் பிடித்து விளையாடுகிறா என்று நினைத்து அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால்தான் கிடத்தினார்கள். நெஞ்சை அமத்தினார்கள், வாயில் ஊதினார்கள். தண்ணீர் வரவில்லை. ஒரு சொட்டும் வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இருபது வருடத்துக்கு முந்திக் கேட்ட குரல் அப்போதுதான் திரும்பவும் கேட்டது.

மரணப் பதிவுக்குப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. நான் நிரப்பித் தாறன், நீங்கள் இருங்கோ என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். ஒருவரிடமும் கொடுக்கவில்லை. பெயர், வயது, தொழில், சாவுக்குக் காரணம் எல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். தாயின் பெயர் என்ற இடத்தில், முப்பது வருடப் பழக்கத்தில், கை தன்பாட்டில் சரியான பெயரை எழுதியது. என் தங்கச்சியின் பெயர். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து தங்கச்சியின் மரணச் சான்றிதழை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நீரில் மூழ்கியதால். இரண்டிலும் அதே சொல். இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில்.

அன்றைக்கு நான் அழவில்லை. அதற்குப் பிறகுதான் அழுதேன், நாளும் பொழுதும் தெரியாமல், சாப்பாடு தொடாமல். வந்து போனவர்கள் பிள்ளையை நினைத்து அழுகிறேன் என்று நினைத்தார்கள். எனக்கு என்னை அடித்துக் கொல்ல வேண்டும் போலிருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு டொக்டருக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். நான் அவளைப் பெறவில்லை, பெற்றவள் என் தங்கச்சி, அவள் எப்படிச் செத்தாள் என்பது இது, என்று நாலு வரி. கிழமைக்குள் அவளே கரம்பொனுக்கு வந்தாள். கதிரை நுனியில் இருந்து, சுவரில் இருந்த இரண்டு படங்களையும் பார்த்தாள்.

"நானும் கேட்டிருக்கணும். பெத்தவங்களான்னு கேட்டிருக்கணும்," என்றாள்.

"நீங்கள் கேட்டீங்கள் பிள்ளை. அம்மாவோ எண்டு கேட்டீங்கள். எனக்குத்தான் கேள்வி விளங்கேல்லை. ஆனா ஒண்டு சொல்லுங்கோ. அதே எழுத்துத்தானே எனக்கும். நான் ஏன் இருக்கிறன்?"

அவள் எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள். எல்லாருடைய இரத்தத்திலும் எழுதியிருக்கிற ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பிரதி, தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. பிழை எழுத்து உள்ள பிரதி எனக்கும் தங்கச்சிக்கும் ஒன்றுதான், அவளிடமிருந்து பிள்ளைக்கும் போயிருக்கிறது. ஆனால் எழுதியிருப்பது மட்டும் போதாது, உடம்பு அதை எவ்வளவு சத்தமாக வாசிக்கிறது என்பதும் இருக்கிறது. எந்தப் பிரதியைக் கூட்டி வாசிக்க வேண்டும், எதைக் குறைத்து வாசிக்க வேண்டும் என்று சொல்லுகிற சின்னச் சின்ன மாற்றங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. என்னுடைய நல்ல பிரதியை என் உடம்பு உரத்து வாசிக்கிறது, அது பிழையை அமத்திவிடுகிறது. அவர்கள் இரண்டு பேருக்கும் நல்ல பிரதியின் குரல் மெல்லியதாக இருந்திருக்க வேண்டும்.

"அந்தச் சத்தம் கூட்டுற குறைக்கிற மாற்றங்கள் ஒவ்வொரு சனத்துல ஒவ்வொரு அளவுல இருக்கும். ஐரோப்பாவுல ஒரு மாதிரி, ஆபிரிக்காவுல ஒரு மாதிரி. நம்ம தீவு ஆக்கள்ல எப்படின்னு இன்னும் யாரும் சரியா பாக்கல."

வெள்ளைக்காரனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்து எங்களுக்குச் சுகம் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவர்களுடைய பதிவில் நாங்கள் இல்லைத்தான். எங்களுக்கென்று அதில் விழுந்த ஒரே வரியை எழுதிக் கொடுத்தவள் நான், அதைப் பிழையாக எழுதிக் கொடுத்தேன்.

இரத்தம் கொடுத்தபோது அவள் கீறிய குடும்பப் படத்தைக் கொண்டுவந்திருந்தாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். பென்சிலால் கீறியது. என் வட்டத்தில் இருந்து ஒரு கோடு கீழே இறங்கிப் பிள்ளையின் வட்டத்தைத் தொட்டது.

"இத சரி பண்ணிட்டா, உங்க தம்பி பிள்ளைங்களையும் பாக்கலாம். அவங்களுக்கும் இருக்கலாம்," என்றாள்.

தம்பிக்குப் பிரான்சில் இரண்டு பெட்டையள். மூத்தவள் நீச்சல் போட்டிக்குப் போகிறவள், மெடல்களின் படம் எனக்கு அனுப்பியிருக்கிறாள். நான் தலையை ஆட்டினேன்.

டொக்டர் அழிறப்பரை எடுத்தாள். அந்தக் கோட்டை மேலிருந்து கீழாக மெல்ல அழித்தாள். பக்கத்தில் தங்கச்சிக்குப் புதிதாக ஒரு வட்டம் கீறி, அதன் மேல் சாய்வாக ஒரு வெட்டுப் போட்டாள், செத்தவர்களுக்கு அப்படித்தானாம். அங்கிருந்து பிள்ளைக்குக் கோடு இழுத்து, பிள்ளையின் வட்டத்துக்கும் ஒரு வெட்டு. என் வட்டத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. அழித்த தூளை அவள் கையால் தட்டிவிட்டாள், அது என் மடியில் விழுந்தது.

கையெழுத்துக்குப் புதிய படிவத்தை நீட்டினாள். நோயாளி உங்களுக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் எழுதினேன்: பெறாமகள்.

அவள் அந்தச் சொல்லைப் பார்த்தாள். அவளுடைய ஊரில் இல்லாத சொல் போலிருக்கிறது.

"இதுக்கு என்ன அர்த்தம்மா?"

"நான் பெறாத மகள்."

"அப்போ மகள்தானே?"

"எனக்கு மகள்தான்," என்றேன். "படிவத்துக்கு இல்லை."